காருக்கு வேறு ஏர் இன்டேக், வேறு ஃபில்டர்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வண்டி பழுது பார்க்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பட்டறையில் மட்டுமல்ல, புரட்டாசி சனிக்கிழமை பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலையிலிருந்து இந்தக் கேள்விகள் வருகின்றன. ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்லும்போது அவசரத்தில் பாதி விட்டுப்போகிறது. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போனவர்கள் பணத்தை இழந்ததையும், ஒருவர் எஞ்சினையே இழந்ததையும் பார்த்தபிறகு முழுதாக எழுதி வைக்க உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டர் அவ்வளவு முக்கியமா? வெறும் காகிதம்தானே அது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. 45 லிட்டர் டேங்க் ஒன்று காலியாவதற்குள் எஞ்சின் நான்கு லட்சம் லிட்டர் காற்றை இழுத்து முடித்திருக்கும். அவ்வளவு காற்றும் அந்த ஒரு மடிப்புக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது.

சாலைத் தூசியில் பெரும்பகுதி மணல். மணல் இரும்பைவிடக் கடினமானது. தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். எஞ்சினுக்கு அதிகக் கேடு செய்பவை 10 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். கண்ணுக்கே தெரியாத இந்தத் துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே புகுந்து, அம்மியில் அரைப்பதுபோல் இரண்டையும் அரைக்கும். அரைபட்ட எஞ்சின் ஒரே நாளில் நிற்காது. ஆயில் குறையும், புகை நீலமாகும், இழுவை மெல்ல மெல்லப் போய்விடும். அதற்குள் ஃபில்டர் மாற்றியதே மறந்திருக்கும். அதனால் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டர் பெட்டியும், பற்றி யார் கேட்டாலும் தூசியை நிறுத்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இழுவையை அதற்குப் பிறகு பேசலாம்.

அண்ணா, இன்டேக் மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? பெட்டியில் 15 என்று போட்டிருக்கிறது.

டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சக்கரம்) இல்லாத சாதாரண பெட்ரோல் வண்டியில் அந்த 15 கிடைக்காது. ஏன் என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். நான் செய்வது இதுதான்: ஒரு பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் கட்டி, அதில் மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பாதியளவு ஊற்றுகிறேன். குழாயின் ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள காற்றுக்குழாயில் செருகுகிறேன். மறுமுனை திறந்திருக்கும். வண்டியை மேட்டில் முழுவேகத்துக்கு அழுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் காற்றுக்காக எவ்வளவு திணறுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு பக்கத்துத் தண்ணீர் ஏறும்.

சென்ற ஆண்டு ஒரு தம்பியின் கொரோலாவில் இதைச் செய்தோம். இன்டேக் வாங்க அவர் பணத்தோடு வந்திருந்தார். புதுக் காகித ஃபில்டரும் பழைய பெட்டியும் அப்படியே இருக்க, மஞ்சள் தண்ணீரின் இரு மட்டங்களுக்கும் இடையே ஒரு சாண் வித்தியாசம்கூட வரவில்லை. ஒரு சாண் என்றே வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். ஒரு சாண் என்றால் இரண்டு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆகவே ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாலும் மீட்கக்கூடியது நூற்றுக்கு இரண்டு. 100 குதிரைத்திறன் வண்டியில் இரண்டு குதிரை. பதினைந்து எங்கிருந்து வரும்? தம்பி அந்தப் பணத்தில் முன்சக்கர டயர்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டு போனார்.

ஆனால் போட்டவர்கள் எல்லாரும் வண்டி பாய்கிறது என்கிறார்களே?

சத்தம் மாறுகிறது. கம்பெனிக் குழாயில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலிப் பெட்டிகள் காற்றின் அதிர்வை விழுங்குவதற்காக வைத்தவை. அவற்றைக் கழற்றினால் எஞ்சின் மூச்சிழுக்கும் ஒலி நேராகக் காதுக்கு வருகிறது. அந்த ஒலி இனிமையானது, எனக்கும் பிடிக்கும். சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினால் அதில் ஒரு தவறும் இல்லை. வேகத்துக்காக என்று நம்பி வாங்குவதுதான் வருத்தம் தருகிறது.

காகிதம், எண்ணெய் தடவிய காட்டன், ஃபோம் இவற்றில் எதை வாங்குவது?

நல்ல காகித ஃபில்டர் தூசியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் நிறுத்துகிறது. எண்ணெய் தடவிய பருத்தி வலை காற்றைக் கொஞ்சம் எளிதாக விடுகிறது. அதனாலேயே தூசியையும் கொஞ்சம் கூடுதலாக விடுகிறது. ஒன்று 99, மற்றொன்று 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுதானே குறைவு என்று தோன்றும். உள்ளே போகும் தூசியைக் கணக்கிடுங்கள்: ஒன்றில் நூற்றுக்கு ஒன்று, மற்றதில் மூன்று. மூன்று மடங்கு தூசி. எஞ்சினைப் பொறுத்தவரை இந்தக் கணக்குதான் கணக்கு.

ஃபோம், மண் பாதையில் ஓடும் பைக்குகளுக்கு ஏற்றது. ஆழமாகத் தூசியைப் பிடிக்கும்; எண்ணெய் காய்ந்தால் பயனில்லை. எண்ணெய் இல்லாத செயற்கை இழை ஃபில்டர்களும் வருகின்றன. காற்றை அளக்கும் சென்சாரில் எண்ணெய் படியுமோ என்ற பயம் இல்லாததால், கழுவிப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு அவற்றையே சொல்கிறேன். தினமும் சாட்ஸ்வொர்த்திலிருந்து நகருக்குப் போய்வரும் வண்டிக்குக் காகிதம் போதும்.

ஒப்பிட விரும்பினால் ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனையின் முடிவைக் கேளுங்கள். எவ்வளவு தூசியை நிறுத்துகிறது, எவ்வளவு தூசியைத் தாங்குகிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற மூன்றும் அதில் வரும். காற்று அளவை மட்டும் பெரிதாக அச்சடித்துவிட்டு மற்ற இரண்டையும் சொல்லாத பெட்டியை நான் வாங்கமாட்டேன்.

கழுவிக் கழுவி ஆயுள் முழுவதும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். காசு மிச்சம்தானே?

ஒழுங்காகக் கழுவத் தெரிந்தால் கொஞ்சம் மிச்சம். ஒரு கழுவும் ஃபில்டர் வாங்கும் காசுக்குப் பல காகித ஃபில்டர்கள் வரும். அதோடு கழுவும் திரவமும் எண்ணெயும் தனிச் செலவு. பெரும்பாலானவர்கள் அந்த முதலை எடுப்பதற்குள் வண்டியையே விற்றுவிடுகிறார்கள்.

கழுவும் முறையில்தான் நிறையத் தவறு நடக்கிறது. தண்ணீரைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு விட வேண்டும். மாற்றிவிட்டால் மணலை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். நிழலில் தானாகக் காய வேண்டும். டர்பன் கோடையின் ஈரக் காற்றில் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். முடி உலர்த்தும் கருவி, அடுப்புச் சூடு எதுவும் கூடாது. எண்ணெயை மடிப்பின் மேல் மெல்லிய கோடாக விட்டு ஊறவிடுங்கள். நிறம் சீராகப் பரவினால் போதும், சொட்டினால் அதிகம். கடலோரத்தில் இருப்பவர்கள் வலைக் கம்பியையும் பாருங்கள். மலிவான ஃபில்டரில் அது துருப்பிடித்து உதிர்கிறது. உதிர்ந்தது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அழுக்கு ஃபில்டரை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

புது வண்டியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியபோது பெட்ரோல் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகமெடுப்பது மட்டும் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்பட்டது. காரணம் எளிது. பெட்ரோல் வண்டியில் மெதுவாகப் போகும்போது காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. தோட்டத்துக் குழாயின் திருகைப் பாதி மூடி வைத்துவிட்டுக் குழாயின் மறுமுனையில் இருக்கும் சல்லடையைப் பற்றிக் கவலைப்படுவதுபோல்தான் இது.

பெட்ரோலைக் கார்புரேட்டரில் காற்றோடு கலக்கும் பழைய வண்டியின் கதை வேறு. அங்கே ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். இன்னும் பழைய சிட்டி கோல்ஃப் ஓட்டும் மாமாக்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருந்தால் கையில் காசு நிற்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? நான் மாதம் ஒரு முறை காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன்.

மாதம் ஒரு முறை காற்றடிப்பதை இன்றே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் காற்று காகிதத்தில் ஊசிமுனைத் துளைகளை இடுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நட்சத்திரம்போல் தெரியும். அப்படி ஒன்று தெரிந்தால் அது ஃபில்டர் அல்ல. பலரும் அறியாத ஒன்றும் உண்டு: கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புத்தம்புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசியே அடுத்த தூசிக்குச் சல்லடை ஆகிவிடுகிறது. அடிக்கடி திறந்து துடைப்பவர் இந்தப் பாதுகாப்பை ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுகிறார்.

மாற்றும் கணக்கு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கிறது. தார்ச்சாலைக்கு ஒன்று, தூசிப் பாதைக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு இருக்கும். நகரை விட்டு வெளியே அடிக்கடி போகிறவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து வீசும் பெர்க் காற்று கொண்டுவரும் வறண்ட தூசியையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் தொங்காட் பக்கம். கரும்பு எரிக்கும் காலத்தில் வண்டி முழுக்கச் சாம்பல். என்ன செய்வது?

1860ல் நம் முன்னோர் வந்து இறங்கியது இந்தக் கரும்புக்காகத்தான். இன்றும் அறுவடைக்கு முன் தோகையை எரிக்கிறார்கள். ஏப்ரல் தொடங்கி ஆண்டு முடிவுவரை டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பகுதியில் கொடியில் உலர்த்திய துணியில் கறுப்புச் சாம்பல் விழாத வாரம் குறைவு. இந்தச் சாம்பல் இதழ் பெரியது, ஃபில்டரைத் தாண்டிப் போகாது. ஆனால் மேல்பக்கத்தைப் போர்வைபோல் மூடிவிடும். மணல் ஓராண்டில் செய்யும் அடைப்பை இது சில வாரங்களில் செய்துவிடும்.

எரிப்புக் காலத்தின் நடுவில் ஒரு முறை பெட்டியைத் திறந்து, ஃபில்டரைக் கவிழ்த்துக் கையால் மெல்லத் தட்டுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் சாம்பலை ஈரத்துணியால் துடையுங்கள். அவ்வளவு போதும். எண்ணெய் தடவிய ஃபில்டரில் சாம்பல் ஒட்டிக்கொண்டு தட்டினால் உதிராது. அதனால் ஸ்டாங்கர், தொங்காட், வெருலம் பக்கத்தவர்களுக்கு நான் காகிதத்தையே சொல்கிறேன். கேபினுக்குள் வரும் காற்றுக்கும் தனி ஃபில்டர் உண்டு. எஞ்சின் ஃபில்டரை மாற்றிவிட்டு அதை மறந்துவிடாதீர்கள், அதைச் சுவாசிப்பவர்கள் நீங்கள்.

பெட்டியில்லாத கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் போட்டபிறகு சத்தம் அருமை. ஆனால் நெரிசலில் நின்று கிளம்பினால் வண்டி சோம்புகிறது. ஏன்?

எஞ்சின் சூட்டையே அது குடிக்கிறது. கம்பெனிப் பெட்டியின் மூக்கு பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ரேடியேட்டருக்கு மேலோ வெளிக்காற்றைப் பார்த்து இருக்கும். குட்டைக் குழாயும் கோனும் பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கின்றன. வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் அந்தக் காற்று ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. இரண்டாம் கேள்வியில் நாம் மீட்கப் பார்த்தது இரண்டு விழுக்காடு. இரண்டைப் பிடிக்கப் போய் ஒன்பதை விடுகிறோம். சூடான காற்றைக் கண்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷனையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், பின்தள்ளும். சோம்பலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கழற்ற மனமில்லை என்றால் கோனைச் சுற்றி ஒரு தடுப்புப் பெட்டி செய்யுங்கள். அதன் விளிம்பு பானெட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பர் வைத்து ஒட்ட வேண்டும். கம்பெனி மூக்கு இருந்த இடத்திலிருந்து காற்று வர வேண்டும். மூன்று பக்கம் தகடு வைத்து நான்காவதைத் திறந்து விடுவது பயன் தராது. இப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்துத் தள்ளி நின்று பாருங்கள். கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டியையே திரும்பச் செய்திருப்பீர்கள்.

அப்படியானால் பம்பருக்குள் இறங்கும் நீளக் குழாய் நல்லதா? அங்கே குளிர்காற்று கிடைக்குமே?

காற்று குளிர்ச்சிதான். தண்ணீரும் அங்கேதான் இருக்கிறது.

2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் யாரும் மறக்கவில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அந்த வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் வண்டி பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்தாராம். வேறோர் இடத்தில் பொருத்தியிருந்த குழாயின் முனை பம்பருக்குள், சக்கரத்தின் பாதி உயரத்தில் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுற்றியபோது துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். அவருடையது மூன்றாம் சிலிண்டரில் கட்டைவிரல் மடங்குவதுபோல் வளைந்திருந்தது. கம்பெனிப் பெட்டியோடு அதே தண்ணீரை அவருக்குப் பின்னால் கடந்த வண்டி வீடு போய்ச் சேர்ந்தது.

தண்ணீரைக் கண்டால் காற்றை வேறு வழியில் விடும் வால்வுகள் விற்கிறார்கள். அவை குழாயின் முனை மூழ்கினால் மட்டும் உதவும், அதுவும் வால்வு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால். டர்பனில் ஓடும் வண்டிக்கு நீளக் குழாயை நான் பொருத்திக் கொடுப்பதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் ஜொகானஸ்பர்க்கில் இருக்கிறார்கள். அங்கே போனாலே என் வண்டி இழுப்பதில்லை. இன்டேக் மாற்றினால் சரியாகுமா ஐயா?

வண்டியில் குறை இல்லை ஐயா, அங்கே காற்றே குறைவு. ஜொகானஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் 101 ஆக இருக்கும் அழுத்தம் அங்கே 83 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போதே கால் அதை உணரும். ஃபில்டர் தரக்கூடிய இரண்டு விழுக்காடு இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஒரு கியர் குறைத்து, எஞ்சினைச் சுழலவிட்டு ஏறுங்கள். எஞ்சினுக்கு அதனால் கேடில்லை. டர்போ வண்டிகளுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணமும் இந்த உயரம்தான்.

என்னிடம் டீசல் பக்கி இருக்கிறது. பண்ணைக்கு மண் பாதையில் போகிறேன். டீசலுக்கும் இதே கணக்கா?

இல்லை. நாம் இங்கே பக்கி என்று சொல்லும் பிக்கப் வண்டிகள், நம் புராஸ்பெக்டன் ஆலையில் செய்யும் ஹைலக்ஸ் போன்றவை, ஃபில்டரை நம்பியே வாழ்கின்றன. டீசலில் பெட்ரோலைப்போல் த்ராட்டிலால் காற்றை நெரித்து ஓட்டுவதில்லை. மெதுவாகப் போனாலும் நிறையக் காற்றை இழுக்கிறது. அதனால் ஃபில்டர் அடைத்தால் கரும்புகையும் இழுவைக் குறைவும் உடனே தெரியும். ஃபில்டர் ஒழுகினால் டர்போவின் இறக்கைகளைத் தூசி முதலில் தின்னும். வேகமாகச் சுழலும் அந்தச் சின்னச் சக்கரத்தின் முன்விளிம்பு ரம்பம்போல் ஆகிவிட்ட வண்டிகளை நான் கழற்றியிருக்கிறேன். தூசிப் பாதை டீசலுக்கு எண்ணெய்க் காட்டன் போடாதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

பக்கவாட்டில் உயரும் ஸ்நார்க்கல் குழாயைப் பலர் ஆற்றைக் கடக்க என்று நினைக்கிறார்கள். முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசி கீழேதான் அடர்த்தி. கூரை உயரத்தில் காற்று தெளிவாக இருக்கும். மண் பாதையில் அதுவே பெரிய லாபம். மூட்டுகள் எல்லாம் அடைத்திருந்தால்தான் தண்ணீருக்கும் அது உதவும்.

இன்டேக் போட்ட மறுநாளே எஞ்சின் விளக்கு எரிகிறது. பி0171 என்று காட்டுகிறது.

காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டர் முறையிடுகிறது. முதலில் மூட்டுகளைப் பாருங்கள். காற்றளவு சென்சாருக்குப் பின்னால் எங்காவது கிளாம்ப் தளர்ந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். அடுத்து எஞ்சின் மூச்சுக்குழாய்: வால்வ் கவரிலிருந்து வரும் அந்தச் சிறு குழாயைப் புதுக் குழாயில் செருகாமல், நுனியில் குட்டி ஃபில்டர் மாட்டி விட்டிருப்பார்கள். ஆயில் ஆவி பானெட் முழுக்கப் பரவுவதோடு, சில வண்டிகளில் கணக்கும் தவறும். பழையபடி செருகுங்கள்.

இவை சரி என்றால் குழாயின் அகலம். சென்சார் தன்னைக் கடக்கும் காற்றின் ஒரு சிறு பகுதியைத்தான் அளக்கிறது. மொத்தக் காற்று எவ்வளவு என்பதைக் குழாயின் அகலத்தை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. அகலமான குழாயில் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் குறையும். வளைவுக்கு மிக அருகில் சென்சார் இருந்தாலும் சுழலில் அளவு தவறும். எனவே உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்த, சென்சார் இருக்கை கம்பெனி அளவிலேயே இருக்கும் இன்டேக்கைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டிருந்தால் சென்சார் கம்பியில் எண்ணெய் படிந்திருக்கலாம். அதற்கென்று விற்கும் தெளிப்பானால் மட்டும் கழுவுங்கள், விரலோ பஞ்சோ படக்கூடாது.

கடையில் ஒரே மாதிரி நான்கு ஃபில்டர். விலை மட்டும் வேறு. கையில் எடுத்து எப்படி நல்லதைக் கண்டுபிடிப்பது?

விளிம்பு ரப்பரை அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கி உடனே எழ வேண்டும். பிளாஸ்டிக்போல் விறைத்திருந்தால் பெட்டியோடு ஒட்டாது. மடிப்புகளை விரலால் மெல்ல வருடுங்கள். சமமான இடைவெளியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு மடிப்பு ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வீண். பழையதையும் கொண்டுபோய் மடிப்புகளை எண்ணி ஒப்பிடுங்கள். மடிப்பு குறைந்தால் காகிதப் பரப்பு குறையும், சீக்கிரம் அடைக்கும்.

பொருத்திய பிறகு செய்யும் சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் குழாயைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலால் துடையுங்கள். டர்பனின் பெரியா மேட்டின் செம்மணல் நமக்கு இங்கே உதவி செய்கிறது: ஒழுகினால் துணியில் செம்பழுப்புக் கோடு தெளிவாக விழும். துணி வெள்ளையாகவே இருந்தால் ஃபில்டர் நல்லது, இருக்கையும் நல்லது. கோடு விழுந்தால் பிராண்ட் எதுவாக இருந்தாலும் அன்றே கழற்றுங்கள். விலை கூடிய ஃபில்டர் கோணலாக உட்கார்ந்து ஒழுகியதையும், மலிவானது சரியாக உட்கார்ந்து காத்ததையும் இந்தத் துணி எனக்குக் காட்டியிருக்கிறது.

வாரண்டி போய்விடுமா? இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வாரண்டிக் காலத்திலும் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்யவும், மாற்று உதிரிபாகம் போடவும் அவை இடம் தருகின்றன. ஆனால் நீங்கள் போட்ட பாகத்தால்தான் சேதம் வந்தது என்றால் அந்தச் சேதத்தை வாரண்டி தாங்காது. அதே அளவில் உள்ள காகித ஃபில்டரை மாற்றுவதில் பயம் இல்லை. இன்டேக்கையே மாற்றி, எஞ்சினில் தூசியோ தண்ணீரோ போனால் வாதம் உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

இன்சூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி கொடுக்காதீர்கள்.

என்னுடையது டர்போ பெட்ரோல். டியூன் செய்து பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கூட்டப் போகிறேன். அப்போதும் இன்டேக் வீண் என்பீர்களா?

இல்லை, இங்கே என் பதில் மாறும். டர்போ தனக்கு முன்னால் இருக்கும் காற்றைப் பெருக்குகிறது. இரு மடங்காக்கும் டர்போவுக்கு முன்னால் 2 கிலோபாஸ்கல் குறைந்தால் பின்னால் 4 குறையும். கம்பெனி நிலையில் கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி அதை ஈடுகட்டிவிடும். பூஸ்டைக் கூட்டியபின் டர்போ தன் எல்லைக்கு அருகில் ஓடும்போது ஈடுகட்ட இடமிருக்காது. காற்றின் அளவும் கூடுவதால் பழைய பெட்டியின் தடையும் வளரும். அப்போது பெரிய ஃபில்டரும் மூடிய பெட்டியும் உண்மையிலேயே பலன் தரும்.

வரிசை முக்கியம். முதலில் மஞ்சள் தண்ணீர்க் குழாயால் டியூனுக்குப் பிறகான தடையை அளங்கள். டர்போ வண்டியில் அந்த அளவை டர்போவுக்கு முன்னால் எடுக்க வேண்டும். பின்னால் செருகினால் பூஸ்ட் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடும். நாலைந்து கிலோபாஸ்கல் வந்தால் இன்டேக் வாங்குங்கள். ஒன்றிரண்டு என்றால் பணத்தை டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு வையுங்கள். இன்டேக் போட்டால் டியூன் செய்பவரிடம் அதைச் சொல்லி, சென்சார் அளவை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் காசு கொஞ்சம். காற்று விஷயத்தில் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று ஆசை. எதைச் செய்வேன் மாமா?

நல்ல காகித ஃபில்டர் ஒன்று வாங்கு தம்பி. பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் கடிக்கின்றனவா பார். ஒன்று உடைந்திருந்தால் புதிதாகப் போடு. காற்றுக்குழாயின் ரப்பர் மடிப்புகளை விரித்துப் பார், பழைய வண்டிகளில் மடிப்பின் அடியில் வெடிப்பு ஒளிந்திருக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருக்கும் மூக்குக் குழாய் இருக்கிறதா என்று பார். பம்பர் தட்டிச் சரி செய்யும்போது பலர் அதைத் திரும்ப மாட்டுவதில்லை. அது இல்லாத வண்டி கம்பெனிப் பெட்டியிலேயே சூடான காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய். இத்தனைக்கும் ஆகும் செலவு பளபளக்கும் குழாயின் விலையில் ஒரு சிறு பங்கு.

இன்டேக் மாற்றிவிட்டேன். கழற்றிய கம்பெனிப் பெட்டி வீட்டில் இடத்தை அடைக்கிறது. விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். பழைய பெட்டி மட்டும் தனியாகத் தேடினால் கிடைப்பது கடினம், புதிது விலை அதிகம். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் கேட்பார். பெட்டி, மூக்குக் குழாய், ரப்பர் புஷ்கள், திருகுகள், கிளாம்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, வண்டியின் பதிவு எண்ணை எழுதி ஒட்டிப் பரணில் வையுங்கள். உள்ளே இருந்த பழைய ஃபில்டரை மட்டும் எறிந்துவிடுங்கள். பரணில் கிடந்தால் பல்லி முட்டையிடும், பிறகு அவசரத்துக்கு அதையே மாட்டுவார்கள்.